துலாம்பென் லிபர்ட்டி கப்பலில் 6 டைவ் அனுபவத்தோடு இறங்கலாமா?

உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஓப்பன் வாட்டர் என்ற முதல்நிலை டைவிங் சான்றிதழும் 6 டைவ் அனுபவமும் வைத்துக்கொண்டு ஆகஸ்டில் பாலிக்குப் போகிறீர்கள். அங்கே துலாம்பென் ஊரின் கரையோரம் மூழ்கிக் கிடக்கும் லிபர்ட்டி கப்பல் ‘ஆழமில்லாதது, புதியவர்களுக்கு ஏற்றது’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதே கப்பலுக்குள் ஆட்கள் புகுந்து நீந்தும் படங்களும் கண்ணில் படுகின்றன. இறங்கலாமா, உள்ளே போகலாமா என்பவை முதல் இரண்டு. ‘செயற்கைப் பவளப்பாறை’ என்கிறார்களே, அது நிஜமா, துருப்பிடித்த இரும்புக்குச் சுற்றுலாக்காரர்கள் வைத்த பெயரா என்பது மூன்றாவது. கடைசி வரியில் இலங்கையில் இதுபோல ஏதாவது உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால்: இறங்கலாம், 18 மீட்டருக்குள். உள்ளே போக வேண்டாம். பவளப்பாறை நிஜம்தான். ஆனால் ‘ஆழமில்லாதது’ என்ற அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அங்கே பலர் சிக்கலில் மாட்டுகிறார்கள். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கப்பலைப் பற்றி. இது இரண்டாம் உலகப் போரில் நூற்றுக்கணக்கில் கட்டப்பட்ட ‘லிபர்ட்டி’ வகைச் சரக்குக் கப்பல் இல்லை. அதற்கும் முன்னால், 1918-ல், அமெரிக்காவின் நியூஜெர்சியில் கட்டப்பட்டது. நீளம் ஏறக்குறைய 120 மீட்டர். 1942 ஜனவரி 11 அன்று, ஆஸ்திரேலியாவிலிருந்து பிலிப்பைன்சுக்கு ரயில் உதிரிபாகங்களும் ரப்பரும் ஏற்றிக்கொண்டு லொம்போக் நீரிணைப் பக்கம் வந்தபோது ஐ-166 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி டார்பிடோவால் தாக்கியது. ஓர் அமெரிக்க நாசகாரிக் கப்பலும் ஒரு டச்சு நாசகாரிக் கப்பலும் சேர்ந்து சிங்கராஜா துறைமுகத்துக்கு இழுத்துப் போகப் பார்த்தன. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்ததால் வழியிலேயே துலாம்பென் கரையில் ஏற்றி நிறுத்திவிட்டார்கள். சரக்கையும் கழற்ற முடிந்தவற்றையும் கழற்றிக்கொண்டார்கள். 1963-ல் ஆகுங் எரிமலை வெடித்தபோது ஏற்பட்ட அதிர்வில்தான் கப்பல் கரையிலிருந்து சரிந்து கடலுக்குள் போனது. அதாவது 21 ஆண்டுகள் அது கரையில் கிடந்த கப்பல். ‘80 ஆண்டுப் பவளம்’ என்று விளம்பரங்களில் படித்தால் 20-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு கீழே பவளத்தைப் பற்றிப் பேசும்போதும் வரும்.

இப்போது ஆழம். கரையிலிருந்து 30, 40 மீட்டர் தூரத்திலேயே கப்பல் ஆரம்பித்துவிடுகிறது; படகே தேவையில்லை. கரைக்கு இணையாக, சரிவான கறுப்பு எரிமலை மணலில் கிடக்கிறது. மேல்முனை 5 மீட்டர் அளவில் இருக்கும். கடல் பக்கத்து அடிப்பகுதி 28, 30 மீட்டர் வரை இறங்கும். ஆக, ‘ஆழமில்லாத கப்பல்’ என்பது பாதி உண்மை. ஒரே கப்பலில் ஸ்நார்கலிங் செய்பவருக்கும் இடம் உண்டு, அட்வான்ஸ்டு என்ற அடுத்த நிலைப் பயிற்சி முடித்தவருக்கு மட்டும் உரிய ஆழமும் உண்டு. நடுவில் கோடு எதுவும் போட்டு வைக்கவில்லை. உங்கள் சான்றிதழின் எல்லை 18 மீட்டர். தண்ணீர் தெளிவாக இருக்கும்போது, மணல் சரிவைப் பார்த்துக்கொண்டே ஒரு மீன் கூட்டத்தின் பின்னால் போகிறவருக்குத் தான் கீழே இறங்குவதே தெரியாது. தரை எப்போதும் அதே 2 மீட்டர் தள்ளித்தான் தெரியும். மணிக்கட்டில் கட்டிய டைவ் கணினியைப் பார்க்கும்போது 24 காட்டும்.  அதனால் துலாம்பெனில் நிமிடத்துக்கு ஒரு தடவையாவது ஆழத்தைப் பார்ப்பதைக் கட்டாயமாக்கிக்கொள்ளுங்கள். கணினியில் ஆழ எச்சரிக்கை ஒலி வைக்க முடிந்தால் 17-ல் வையுங்கள்.

6 டைவ் என்கிறீர்கள். அதில் பயிற்சியில் செய்த 4 சேர்த்தி என்றால், பயிற்சியாளர் இல்லாமல் நீங்கள் செய்தது 2 மட்டுமே. குறை சொல்லவில்லை, முதல் நாள் திட்டத்தை அது மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இறங்கியவுடன் கப்பலுக்குப் போகாமல், அதே ஊரில் கரையோரப் பவளத் தோட்டத்தில் 10, 12 மீட்டரில் ஒரு டைவ் செய்து, எடையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கப்பலில் புதியவர்கள் செய்யும் சேதத்துக்கும், அவர்கள் காற்றைச் சீக்கிரம் காலி செய்வதற்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: இடுப்பில் தேவைக்கு அதிகமான ஈயம். எடை கூடினால் அதைச் சமன் செய்ய பி.சி.டி. என்ற மிதப்புச் சட்டையில் காற்று கூட வேண்டும். அந்தக் காற்று ஆழம் மாறும்போதெல்லாம் சுருங்கி விரியும். ஆள் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். உடம்பு கிடையாக நிற்காமல் கால் தொங்கும். காலில் மாட்டிய ஃபின் (நீச்சல் துடுப்பு) மணலைக் கிளறும், பவளத்தில் இடிக்கும்.

சரிபார்க்கும் முறை இதுதான். டைவ் முடிவில், டேங்கில் 50 பார் (காற்றழுத்த அளவு) இருக்கும்போது, 5 மீட்டரில் பி.சி.டி.யை முழுக்கக் காலி செய்யுங்கள். சாதாரணமாக மூச்சு விட்டு வாங்கிக்கொண்டு அதே ஆழத்தில் நிற்க முடிந்தால் எடை சரி. கீழே போனால் 1 கிலோ எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஆரம்பத்தில் பார்ப்பதை விட முடிவில் பார்ப்பது ஏன் நல்லது என்றால், வழக்கமான 11 லிட்டர் அலுமினிய டேங்கில் 200 பாரில் அடைத்திருக்கும் காற்றே இரண்டரை கிலோ எடை. அதில் முக்கால் பங்கு தீர்ந்தபின் டேங்க் மிதக்கப் பார்க்கும். முதலில் சரியாக இருந்தவர் மேலே வருமுன் 5 மீட்டரில் சற்று நிற்கும் கடைசி நிறுத்தத்தில் மேலே இழுபடுவார். ஆகஸ்ட் என்பதால் இன்னொன்று: ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ஆழத்துக் குளிர்நீர் மேலெழுவதுண்டு. 28 டிகிரியை எதிர்பார்த்து இறங்கி 25-ல் நடுங்குகிறவர் காற்றைக் கூடுதலாகச் செலவழிப்பார். 3 மில்லிமீட்டர் வெட்சூட் போதும் என்று கடைக்காரர் சொன்னாலும் 5 கேளுங்கள். சூட் மாறினால் எடையும் மாறும், ஆகவே சோதனையும் மறுபடி.

துலாம்பெனில் அடிபடுகிறவர்களில் கணிசமானோர் தண்ணீருக்குள் அடிபடுவதில்லை. அந்தக் கரையில் மணல் கிடையாது, தலையளவு தேங்காயளவு உருண்டைக் கற்கள்தான். டேங்குகளை ஊர்ப் பெண்கள் தலையில் சுமந்து அந்தக் கல்லின் மேல் செருப்போடு நடந்து போவதைப் பார்த்து நமக்கும் எளிது என்று நினைத்துவிடக் கூடாது. தடித்த அடிப்பாகம் உள்ள பூட்டி (டைவிங் காலணி) கட்டாயம். அதோடு பொருந்துகிற, பின்னால் பட்டை வைத்த ஃபின்தான் வேண்டும், வெறுங்காலில் மாட்டும் ஃபின் இங்கே உதவாது. தண்ணீர் விளிம்பில் நின்று அலையின் போக்கை இரண்டு மூன்று நிமிடம் கவனியுங்கள். பெரிய அலைகள் சேர்ந்தாற்போல வரும், பிறகு ஓர் இடைவெளி கிடைக்கும். பி.சி.டி.யில் பாதிக் காற்று, மாஸ்க் முகத்தில், ரெகுலேட்டர் வாயில், ஃபின் கையில். இடைவெளியில் நடந்து இடுப்பைத் தாண்டியவுடன் மிதந்து, மிதந்தபடியே ஃபினை மாட்டுங்கள். நடுவில் விழுந்துவிட்டால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். 20 கிலோவை முதுகில் வைத்துக்கொண்டு உருளும் கல்லில் எழ முயல்கிறவரைத்தான் அடுத்த அலை மறுபடி தள்ளும், கணுக்கால் அப்போதுதான் மடங்கும். விழுந்த இடத்திலிருந்தே நீந்திப் போய்விடுங்கள். வெளியே வரும்போது இதே வரிசை தலைகீழாக. ரெகுலேட்டரை மட்டும் கல்லைத் தாண்டும் வரை வாயிலிருந்து எடுக்காதீர்கள். கேமராவை வழிகாட்டியிடம் கொடுத்துவிடுவது கௌரவக் குறைச்சல் இல்லை.

காற்றுக் கணக்கு. பலர் ‘50 பாரில் மேலே வந்தால் போதும்’ என்ற ஒற்றை வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். நிதானமாக இருக்கும் ஒருவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 லிட்டர் காற்றைச் செலவழிப்பார். 12 மீட்டரில் சுற்றழுத்தம் 2.2 பார், எனவே அங்கே 44 லிட்டர். டேங்கில் 200 பாரில் 50 ஒதுக்கினால் மீதி 150 பார், அதாவது 1,665 லிட்டர். 38 நிமிடம் கிடைக்கும். பதற்றமாக இருக்கும் புதியவர் 28 லிட்டர் இழுத்தால் அதே டேங்க் 27 நிமிடத்தில் தீரும். அடுத்தது ஒதுக்கீடு. 18 மீட்டரில் உங்களோடு ஜோடியாக இறங்கியவருக்குக் காற்று நின்றுபோய், உங்கள் உபரி ரெகுலேட்டரை அவருக்குக் கொடுத்து இருவரும் உங்கள் டேங்கிலிருந்தே மூச்சு விடுகிறீர்கள் என்று வையுங்கள். பதற்றத்தில் ஆளுக்கு 30, இருவருக்கும் 60 லிட்டர். நிலைமையைச் சரிசெய்ய 1 நிமிடம்: 2.8 பாரில் 168 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற 2 நிமிடம், சராசரி அழுத்தம் 1.9: 228 லிட்டர். 5 மீட்டரில் 3 நிமிட நிறுத்தம்: 270 லிட்டர். மொத்தம் 666 லிட்டர், அதாவது 60 பார். நிறுத்தத்தை விட்டுவிட்டால் 36 பாரில் ஒப்பேற்றிவிடலாம், உயிர் பிழைக்கும் கணக்கு அது. ஆனால் திட்டமிடும்போதே அந்தக் கணக்கை எடுத்துக்கொள்ளக் கூடாது. 18 மீட்டரில் 70 பாருக்குக் கீழே போகக் கூடாது. 50 என்பது 5 மீட்டரில் இருக்க வேண்டிய எண். வழிகாட்டி கேட்பதற்கு முன்னால் 100 பாரில் நீங்களே கைச்சைகை காட்டுங்கள்.

உடம்பில் நைட்ரஜன் சேர்வதால் வரும் நேரக் கட்டுப்பாடு உங்கள் ஆழத்தில் பெரிய தொல்லை தராது: பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் பழைய அட்டவணைப்படி 18 மீட்டரில் முதல் டைவுக்கு 56 நிமிடம். காற்று அதற்கு முன்பே தீர்ந்துவிடும். 30 மீட்டரில் அது 20 நிமிடமாகச் சுருங்கும். கப்பலின் அடிப்பக்கத்துக்கு ‘சும்மா ஒரு எட்டு’ போய் வருவோம் என்று யாராவது கூப்பிட்டால் மறுக்க இந்த ஒரு எண் போதும். இரண்டாவது, மூன்றாவது டைவில் இந்த நிமிடங்கள் இன்னும் குறையும், அங்கே கணினி சொல்வதுதான் கணக்கு.

பாதையை இப்படி வைத்துக்கொள்ளச் சொல்வேன்: மணல் சரிவில் 5 மீட்டரில் காதைச் சமன் செய்து, இருவரும் சரி என்று காட்டிக்கொண்டு, கப்பலின் ஒரு முனையில் 16 மீட்டர் வரை போய், வெளிப்புறமாகவே நீளவாக்கில் நகர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, கடைசிக் கால்மணி நேரத்தை 5 முதல் 8 மீட்டரில் மேல்பகுதியில் செலவழிப்பது. 3 நிமிட நிறுத்தம் அங்கே தானாகவே நடந்துவிடும், வேடிக்கை பார்க்கவும் நிறைய இருக்கும். தென் பாலியிலிருந்து இரண்டரை, மூன்று மணி நேரப் பயணம் என்பதால் பகல்நேரக் கூட்டம் காலை 9 மணிக்குமேல்தான் வந்து சேரும். கூட்டத்தில் ஆபத்தே என்னவென்றால், ஒரே மாதிரிக் கறுப்பு உடையில் 40 பேர் நீந்தும்போது உங்கள் வழிகாட்டி யாரென்று தெரியாமல் வேறு குழுவின் பின்னால் போய்விடுவீர்கள். அவருடைய ஃபினின் நிறத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். துலாம்பெனிலேயே தங்கி காலை 6 மணிக்கோ மாலை 4 மணிக்கு மேலோ இறங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

உள்ளே போவது. படங்களில் அகலமாகத் தெரியும் அந்த வாசல்கள் அகலக்கோண லென்ஸில் எடுத்தவை. நேரில் பாதிதான் இருக்கும். இந்தக் கப்பல் உடைந்து திறந்து கிடப்பதால், மூடிய அறைகள் என்று பெரிதாக இல்லை என்பது உண்மை. வழிகாட்டிகள் ‘ஸ்விம் த்ரூ’ என்று அழைத்துப் போகும் இடங்களில் நுழையும்போதே மறுமுனை வெளிச்சம் தெரியும். ஆனாலும் தலைக்கு மேல் இரும்பு இருந்தால் நேராக மேலேற முடியாது என்ற ஒரு நிபந்தனை போதும், ஓப்பன் வாட்டர் பயிற்சி அதற்கு உங்களைத் தயார்படுத்தவில்லை. மூழ்கிய கப்பல்களில் இறங்குவதற்கான ரெக் டைவிங் பயிற்சி முடித்தவருக்கே, இயற்கை வெளிச்சம் எட்டும் பகுதிக்குள், மேற்பரப்பிலிருந்து செங்குத்தும் கிடையும் கூட்டி 40 மீட்டருக்குள் என்றுதான் வரம்பு. காற்றில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக, ஒரு பங்கு திரும்பிவர, ஒரு பங்கு தொடாமல் வைக்க.

அங்கே தப்பாகப் போவது எப்படி என்று தெரிந்தால் ஆசை தானாகக் குறையும். முதலில், வண்டல். இரும்பின் மேல் படிந்திருப்பது மணலைவிட மெல்லிய தூள். ஒரு ஃபின் அடியில் கிளம்பினால் நிமிடக்கணக்கில் இறங்காது. உள்ளே வரும்போது தெரிந்த வெளிச்சம் அதற்குள் மறைந்துவிடும். அடுத்து, மாட்டிக்கொள்வது: முதுகுப்பக்கம் டேங்க் வால்வோ, பக்கத்தில் தொங்கும் கேஜ் குழாயோ, துருப்பிடித்த விளிம்பில் சிக்கும். அந்த விளிம்பு உள்ளேயிருந்து அரிக்கப்பட்டுக் கத்தி போல மெலிந்திருக்கும். உதறினால் குழாய் கிழியலாம். சிக்கினால் முன்னே போகாமல், நின்று, அரை அடி பின்னால் வந்தால் பெரும்பாலும் விடுபடும். நாம் விடும் காற்றும் சும்மா இருப்பதில்லை. குமிழிகள் தகட்டின் அடியில் தேங்கினால் அங்கே ஒட்டியிருக்கும் கடற்பஞ்சும் மென்பவளமும் காய்ந்து செத்துவிடும். காற்று பட்ட இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும், துருச் செதில்கள் பெயர்ந்து தலையில் விழும். அப்படித் தேங்கிய காற்றில் தலையை நீட்டி மூச்சு விட்டுப் பார்ப்பது சிலருக்கு விளையாட்டு, தயவுசெய்து வேண்டாம். அதில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது.

கையுறை போடாதீர்கள் என்பேன், இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் உண்டு. என் காரணம் எளியது: கையுறை போட்டவர் எதையும் பிடிக்கத் தயங்குவதில்லை. இங்கே பிடிக்கும் இடமெல்லாம் உயிர் இருக்கிறது, அதில் சிலது குத்தும். கல்லோடு கல்லாகக் கிடக்கும் தேள்மீனும், தகட்டின் நிழலில் தொங்கும் சிங்கமீனும் முள்ளில் நஞ்சு வைத்தவை. பட்டுவிட்டால் 45 டிகிரி அளவுச் சூட்டில், தோல் வேகாத பொறுக்கும் சூடு, 30 முதல் 90 நிமிடம் முக்கி வைப்பதுதான் முதலுதவி. ஐஸ் வைக்கக் கூடாது. பிறகு மருத்துவர். இறகு போல அசையும் ஹைட்ராய்டு என்ற கடலுயிர் தோலில் பட்டால் நாள்கணக்கில் அரிக்கும். முழுக்கை சூட் அதற்குத்தான். டைட்டன் கிளாத்தி மீன் கூடு காக்கும் காலத்தில் துரத்திக் கடிக்கும். அது தன்னுடையதாக நினைக்கும் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு. பயந்து மேலே போனால் அதன் எல்லைக்குள்ளேயேதான் இருப்பீர்கள். கிடையாக விலகி நீந்துங்கள், ஃபினை அதன் பக்கம் காட்டியபடி.

இனி மூன்றாவது கேள்வி. நம் மீனவர்கள் ‘பார்’ என்பார்களே, மீன் தங்கும் கடலடிப் பாறை, அதுதான் இங்கே இரும்பில் உருவாகியிருக்கிறது. காரணம் இடத்தில் இருக்கிறது. துலாம்பென் சரிவு முழுக்க எரிமலை மணல். அலைக்கும் மழைவெள்ளத்துக்கும் நகர்ந்துகொண்டே இருக்கும். பவளத்தின் நுண்ணிய லார்வா நகரும் மணலில் உட்கார முடியாது, அதற்கு அசையாத கெட்டித் தளம் வேண்டும். 120 மீட்டர் இரும்பு அதைக் கொடுத்தது. கடலில் போட்ட இரும்பில் சில மணி நேரத்திலேயே பாக்டீரியாப் படலம் படியும். பின் பாசி, ஹைட்ராய்டு, கொட்டலசு. ஆண்டுகள் போகப்போகக் கடற்பஞ்சு, மென்பவளம், கடல்விசிறி, கல்பவளம். வெளிச்சம் விழும் மேல்பக்கங்களில் கல்பவளமும், வெளிச்சம் குறைந்து நீரோட்டம் உணவைக் கொண்டுவரும் பக்கங்களிலும் தகட்டின் அடியிலும் கடல்விசிறியும் பஞ்சும் என்று இடம் பிரித்துக்கொண்டிருக்கும். ஒரு விலா இரும்பை மட்டும் எடுத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் இல்லாமல் சாம்பல் நிறமாகத் தெரிந்தது சிவப்பும் ஆரஞ்சுமாக மாறும். இரும்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். கடல்விசிறிகளில் நகக்கண் அளவுக் குள்ளக் கடற்குதிரை இருக்கலாம், வழிகாட்டி காட்டினால்தான் தெரியும்.

1963-ஐ இங்கே கொண்டுவருகிறேன், கடலுக்குள் போன கப்பலின் பவள வயதை அங்கிருந்துதான் எண்ண வேண்டும். உருண்டையாக வளரும் போரைட்டஸ் வகைப் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் தடிக்கும். கிளை விடும் அக்ரோபோரா 10 சென்டிமீட்டர் வரை நீளும். ஆகவே கப்பலின் மேல் நீங்கள் பார்க்கும் அரை மீட்டர் விட்ட உருண்டைக்கு வயது சுமார் 25. ஒரு ஃபின் அடியில் உடையும் கிளை சில ஆண்டில் திரும்பலாம், அந்த உருண்டை திரும்பக் கால் நூற்றாண்டு ஆகும்.

உறுதியாகச் சொல்ல முடிந்தது இவ்வளவு. விவாதம் உள்ள இடம் வேறு: செயற்கைப் பார் மீனைப் பெருக்குகிறதா, வேறு இடத்து மீனை ஒன்றுகூட்டுகிறதா? ஆய்வாளர்கள் இதில் பல பத்தாண்டுகளாகச் சண்டை போடுகிறார்கள், விடை இனத்துக்கு இனம் மாறும் என்பதே நியாயமான நிலைப்பாடு. கப்பலுக்கு மேல் சுழலும் பெருங்கண் பாரைக் கூட்டம் அங்கே விளைந்ததாகச் சொல்ல முடியாது. அது வந்து கூடும் இனம். இரும்பின் பொந்தில் முட்டையிட்டு வளரும் சிறு மீன்களும் அஞ்சாலையும் களவாவும் வேறு கதை. ‘இரும்பை எங்கே போட்டாலும் பவளம் வளரும்’ என்பதும் பொய். பசிபிக்கின் பால்மைரா தீவில் 1991-ல் மூழ்கிய ஒரு மீன்பிடிக் கப்பலைச் சுற்றிப் பவளம் போர்த்திக் கொல்லும் ஒருவகை உயிரி பரவி, கடைசியில் கப்பலையே அகற்ற வேண்டியதாயிற்று. இரும்புச்சத்து அரிதான கடலில் கரையும் இரும்பு அதற்கு உரமாகியிருக்கலாம் என்பது முன்வைக்கப்படும் விளக்கம். எரிமலைத் தீவான பாலியின் கரை அப்படிப்பட்ட கடல் இல்லை என்பது என் ஊகம். ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் 1970-களில் செயற்கைப் பார் என்று போட்ட ஏறக்குறைய 20 லட்சம் டயர்கள் கட்டு அறுந்து உருண்டு, பக்கத்திலிருந்த இயற்கைப் பவளத்தையே நொறுக்கின. பொருளும் இடமும் பொருந்த வேண்டும். லிபர்ட்டியில் இரண்டும் தற்செயலாகப் பொருந்தின.

அது நிரந்தரமும் இல்லை. கடல்நீரில் எஃகு ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர் அளவில் கரையும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் தோராயம். மேலே படியும் உயிரோடு அது மெதுவாகலாம், இணைப்புகளிலும் வேறு உலோகம் தொடும் இடத்திலும் வேகமாகலாம். மெல்லிய தகடுகள் முதலில் போகும், விலாக்களும் கொதிகலனும் கடைசியில். கொஞ்ச ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய குறிப்பில் ‘பாதுகாப்பான வழி’ என்று இருக்கும் இடம் இன்று சரிந்து கிடக்கலாம். பழைய வரைபடத்தைவிட, அந்த வாரம் இறங்கிய உள்ளூர் வழிகாட்டியின் சொல் மேல்.

விடிகாலையில் போகச் சொல்வதற்கு இன்னொரு காரணம் புடைநெற்றிக் கிளிமீன். 1 மீட்டருக்கு மேல் வளரும், நெற்றியில் பெரிய புடைப்பு, பவளத்தைக் கடித்து மணலாக வெளியேற்றும். இரவில் கப்பலின் பொந்துகளில் தூங்கி, விடிந்ததும் கூட்டமாகக் கிளம்பும் வழக்கம் கொண்டது. எல்லா நாளும் கண்ணில் படும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். கூட்டத்தின் குறுக்கே போகாமல் ஓரமாக நின்றால் அவை தாமாகவே அருகில் வரும்.

நான் தொலைவிலிருந்து சொல்ல முடியாதவை: உங்கள் காது, நுரையீரல், மருந்துகள். சளி இருந்தால் மருந்து போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். பாதி டைவில் மருந்தின் வேகம் குறைந்தால் ஏறும்போது சைனஸில் காற்று மாட்டிக்கொள்ளும். மருத்துவப் படிவத்தில் ‘ஆம்’ என்று வரும் ஒரு கேள்விக்குக்கூட மருத்துவர் கையெழுத்து வாங்குங்கள். டைவிங்கில் வரும் அழுத்த நோய்க்கான அழுத்தச் சிகிச்சை அறை டென்பசார் அரசு மருத்துவமனையில் இருக்கிறது, துலாம்பெனிலிருந்து மணிக்கணக்குப் பயணம். டைவிங்கைச் சேர்த்துக்கொள்ளும் காப்பீடு வேண்டும், சாதாரணப் பயணக் காப்பீடு பல நேரம் விட்டுவிடும். ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் விமானம் கூடாது. இதைப் பெரும்பாலோர் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். மலையை மறந்துவிடுகிறார்கள். மாலையில் டைவ் முடித்து, நள்ளிரவில் எழுந்து 1,717 மீட்டர் பதூர் மலையில் சூரிய உதயம் பார்க்கப் போவது பாலியின் வழக்கமான சுற்றுலாத் திட்டம். உடம்பில் நைட்ரஜன் மிச்சம் இருக்கும்போது உயரம் ஏறுவதும் விமானத்தைப் போலத்தான். மலையை முதல் நாளிலும் கடலைப் பிறகும் வையுங்கள், கடைசி டைவுக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் நடுவில் ஒரு முழுநாள் விடுங்கள்.

இலங்கையில்? 1942 ஏப்ரல் 9 அன்று, ஜப்பானிய விமானங்கள் கிழக்குக் கடற்கரையில் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்த அதே நாளில், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் போனது. ஹெர்மிஸ் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது, நமக்கு இல்லை. பிரிட்டிஷ் சார்ஜன்ட் பாசிக்குடா, கல்குடா பக்கம் 24 மீட்டர் அளவில் இருக்கிறது. படகில் போக வேண்டும், அட்வான்ஸ்டு முடித்திருக்க வேண்டும். கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை. பாலியில் அட்வான்ஸ்டு படிப்பையும் சேர்த்து முடித்துவிட்டால், அடுத்த ஆண்டு அதே பருவத்தில் மட்டக்களப்புக்குப் போகலாம்.